டேஷ்போர்டில் ஒரு நந்தா விளக்கு

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு அடிக்கடி வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் 96 ஆடுகளைத் தானமாக எழுதி வைக்க வேண்டும். அவற்றின் நெய்யில் விளக்கு எரியும். செத்த ஆட்டுக்குப் பதில் பிறந்த குட்டி கணக்கில் சேர்ந்துகொள்ளும் என்பதால் அந்த மந்தைக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். மன்னர்கள் போய்விட்டார்கள், ஆடுகளும் போய்விட்டன, விளக்கு மட்டும் இடம் மாறிக் காருக்குள் வந்துவிட்டது. குமரி மாவட்டத்து இரணியல் முதல் திங்கள்சந்தை வரை சாலையோரம் நிற்கிற கார்களில் தலையை விட்டுப் பாருங்கள். டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரோ வேளாங்கண்ணி மாதாவோ கஅபா படமோ இருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு செக் எஞ்சின் லைட்டு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். அது எஞ்சினின் படம் என்று சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் சிலருக்குக் கோழி, சிலருக்கு ஹெலிகாப்டர், சிலருக்கு மூக்கு முளைத்த தண்ணீர்த் தொட்டி. அதைப் பராமரிக்கிறவர்களில் இரண்டு சமயத்தார் உண்டு. ஒரு சாரார் அதற்குச் சென்சார் சென்சாராக நிவந்தம் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள். மறுசாரார் அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற நாத்திகர்கள். இரண்டு பேருமே அந்த விளக்கைப் படித்ததில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அது படிக்க வேண்டிய ஒரு மனு. வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து படித்துவிடலாம். படித்த பிறகும் உடனே கடைக்கு ஓடாமல் இருப்பதில்தான் வைத்தியமே இருக்கிறது.

மனு என்றால் யார் யாருக்குக் கொடுத்த மனு? இங்கேதான் முதல் தவறு தொடங்குகிறது. வண்டி தன் முதலாளியிடம் அன்போடு ‘எனக்கு மேலுக்குச் சுகமில்லை’ என்று சொல்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த விளக்குக்கு அப்படிப்பட்ட பாசமெல்லாம் கிடையாது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலும் அது வாயைத் திறக்காது. டயர் மொட்டையாகி ரேடியல் கம்பி பல்லிளித்தாலும் அதற்குக் கவலையில்லை. புகைக்குழாயில் சட்டத்துக்கு மேல் நச்சு போகக்கூடும் என்ற சந்தேகம் வந்தால் போதும், விளக்கேற்றி உட்கார்ந்துவிடும். காரணம், அது உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல, ஊர்க் காற்றுக்காக வைக்கப்பட்டது. அதன் பூர்வீகம் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் புகைமூட்டத்துக்குக் கார்ப்புகைதான் மூலம் என்று கண்டுசொன்னவர் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். அவர் அதற்கு முன்னால் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழத்தின் வாசனையை. நம் பக்கத்தில் கைதச்சக்கை என்போமே, அதேதான். அதை மோந்துகொண்டிருந்தவரைக் காற்றில் என்ன இருக்கிறது பாருங்கள் என்று திருப்பிவிட்டதன் விளைவு, இன்று உங்கள் கண் முன்னால் மஞ்சளாக எரிகிறது. கலிபோர்னியாவில் 1988 மாடல் வண்டிகளுக்கு இந்தத் தற்பரிசோதனை ஏற்பாடு கட்டாயமானது. 1996-இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே மாதிரி துளை, ஒரே மாதிரி குறியீடு என்று ஓ.பி.டி.-2 வந்தது. இந்தியாவில் பி.எஸ்.-4 புகை விதிகளோடு 2010-இல் அரைகுறையாகவும், 2013-இல் முழுதாகவும் வந்து சேர்ந்தது. ஆக, உங்கள் காசில் வாங்கிய காருக்குள் அரசாங்கம் வைத்திருக்கிற ஒற்றன் அவன். ஒற்றன் சொல்வதைக் கேட்கலாம். அவன் சொன்ன வீட்டைக் கேள்வி கேட்காமல் இடித்துவிடக் கூடாது.

ஒற்றன் பேசுகிற மொழி எளிது. அவன் தருகிற குறியீடு ஆங்கில ‘பி’ எழுத்தோடு தொடங்கினால் எஞ்சினும் கியரும் சார்ந்த விவகாரம். அடுத்து வருகிற எண் பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு, ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தப் பாஷை. அதற்கடுத்த எண் இலாகாவைச் சொல்லும்: ஒன்றும் இரண்டும் காற்று-எரிபொருள், மூன்று பற்றவைப்பு, நான்கு புகைக் கட்டுப்பாடு. சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பிரித்து நாடி பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. உறிஞ்சுகிற காற்று வாதம், எரிகிற நெருப்பு பித்தம், வெளியேறுகிற புகை கபம் என்று வைத்துக்கொண்டால் எஞ்சினை ஒரு மாதிரி புரிந்துகொண்டுவிடலாம். ஆனால் வைத்தியர் நாடி பார்த்து ‘பித்தம் ஏறியிருக்கு’ என்றால், பித்தப்பையை அறுத்துப் புதிதாக ஒன்று பொருத்தச் சொல்கிறார் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்வதில்லை. காருக்கு மட்டும் அப்படித்தான் செய்கிறோம். ஸ்கேனரில் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்ற சொல் தென்பட்ட கணத்தில் ‘அண்ணே, சென்சார் போயிட்டு’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. புகார் கொடுத்தவனையே தூக்கில் போடுகிற நியாயம் இது.

பி 0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எரிகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டும்தான் அதன் பொருள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது எஞ்சினின் சமையல் குறிப்பு. சமையல் கெட்டுவிட்டது என்று ருசி பார்த்துச் சொல்வது புகைக்குழாயில் செருகியிருக்கிற ஆக்சிஜன் சென்சார். காற்று அதிகமானதற்குக் காரணம் எங்கோ விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸாக இருக்கலாம். பெட்ரோல் குறைந்ததற்குக் காரணம் களைத்துப்போன பம்பாக இருக்கலாம், அடைத்துக்கொண்ட இன்ஜெக்டராக இருக்கலாம். சென்சார் பொய் சொல்லவும் வாய்ப்புண்டு, ஆனால் பட்டியலில் அது கடைசி. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வர்மக்கலையின் தாய்நிலம் இது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணி வைத்திருக்கிற ஊர். (நந்தா விளக்குக்கும் 96 ஆடு, தொடுவர்மமும் 96 என்பதில் ஏதேனும் ரகசியம் இருந்தால் அதை ஆராய்ச்சி மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.) அடி ஓரிடத்தில், வலி வேறிடத்தில் என்பது ஆசான்மாரின் பால பாடம். கை தூக்க முடியாதவனுக்குக் கழுத்தில் தடவுகிற ஊரில், காருக்கு மட்டும் வலித்த இடத்தையே வெட்டி மாற்றுவது என்ன ஞாயம்?

அந்த ஆக்சிஜன் சென்சாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு வகையில் நம் ஊர்ப் பிள்ளை. அதன் உயிர்நாடி சிர்க்கோனியம் ஆக்சைடு என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சூடேறியதும் இரண்டுக்கும் ஆக்சிஜனில் உள்ள வித்தியாசத்தை 0.1 முதல் 0.9 வோல்ட் வரையிலான சின்ன மின்னழுத்தமாக அது சொல்லும். 1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனம் இதை முதன்முதலாகப் பொருத்தியது. சிர்க்கோனியம் எதிலிருந்து கிடைக்கிறது? சிர்க்கான் மணலிலிருந்து. இரணியலிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் வருகிற மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் ஆலை கறுப்பு மணலைச் சலித்துப் பிரிக்கிறதே, இல்மனைட், ரூட்டைல், கார்னட், மோனசைட்டு என்ற பட்டியலில் சிர்க்கானும் ஒன்று. மோனசைட்டில் இருக்கிற சீரியம், சிர்க்கோனியத்தோடு சேர்ந்து, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கிற வேலையைச் செய்கிறது. இந்த மணலுக்கு விளக்கோடு பழைய உறவும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றோடு ஒட்டிவந்த மணலின் பின்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்ததே, மோனசைட்டில் உள்ள தோரியத்தில் செய்கிற கேஸ் விளக்கு மேண்டிலுக்காகத்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நெர்ன்ஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர் செய்த மின்விளக்கில் ஒளிர்ந்த தண்டு சிர்க்கோனியம் ஆக்சைடு. அன்று அந்தப் பீங்கான் தானே எரிந்தது. இன்று புகைக்குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் விளக்கை எரியவைக்கிறது. உங்கள் காரின் சென்சாரில் இருப்பது நம் கடற்கரை மணல்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் சொந்த ஊர்க்காரனைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை விசாரிப்பது முறை.

விசாரணை முறை என்ன? ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 ஊசிகள் கொண்ட ஒரு துளை இருக்கும். அதில் செருகுகிற ப்ளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த ஈ.எல்.எம். 327 என்ற சில்லின் நகல்கள். பல பெட்டிகளில் ‘பதிப்பு 1.5’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். மூல நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. இருந்தாலும் நம் வேலைக்கு அந்தப் போலிச் சாமியார் போதும். செல்பேசியில் குறியீடு தெரிந்ததும் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கூடவே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒன்று இருக்கும். குற்றம் நடந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்று ஒற்றன் எடுத்துவைத்த புகைப்படம் அது. பாதித் துப்பு அதில்தான் கிடைக்கும். காற்று ஒழுகல் என்றால் வண்டி சும்மா நின்று உறுமும்போதுதான் கோளாறு அதிகம் தெரியும், வேகம் ஏற ஏறக் குறையும். பம்பு களைத்திருந்தால் நேர்மாறு. சும்மா நிற்கையில் சமர்த்தாக இருந்துவிட்டு மேடு ஏறும்போது காட்டிக்கொடுக்கும். இதை அறிய ஒரு பைசா செலவில்லை. பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எஞ்சின் ஆறிய பிறகு முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் பேசுகிற பையனை வாத்தியார் பெஞ்சு மாற்றி உட்காரவைக்கிற உத்திதான். சத்தம் அவனோடு கூடவே போய்க் குறியீடு பி 0302 ஆனால் காயில்தான் வில்லன். சத்தம் பழைய பெஞ்சிலேயே இருந்தால் காயில் நிரபராதி; பிளக்கைப் பாருங்கள், இன்ஜெக்டரைப் பாருங்கள். கார் வைத்தியத்தில் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

வெளிநாட்டு வைத்தியக் குறிப்புகளை அப்படியே விழுங்குவது இன்னொரு வியாதி. விளக்கு எரிந்தால் முதலில் பெட்ரோல் டாங்கு மூடியை இறுக்குங்கள் என்பது அமெரிக்காவின் பாட்டி வைத்தியம். அங்கே அது பலிக்கும். டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதித்தாக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. நாம் பின்பற்றுவது ஐரோப்பிய வழி. அந்த வழியில் ஆவிக்கசிவுச் சோதனை கட்டாயமில்லை என்பதால் இங்கே ஓடுகிற பெரும்பாலான கார்களில் மூடியை எத்தனை சுற்று இறுக்கினாலும் கை வலிப்பதுதான் மிச்சம். நம் ஊருக்கென்று வேறு காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் எலி. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே கார் நிறுத்துகிற ஊரில், மழைநாள் இரவில், வெதுவெதுப்பான எஞ்சின் அறையை விட நல்ல லாட்ஜ் அதற்கு எங்கே கிடைக்கும்? சென்சார் ‘இறந்துவிட்டது’ என்று குறியீடு வந்தால் அதன் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். இறந்தது சென்சாரா, இரவு விருந்துக்குப் போன வயரா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, கடற்காற்று. உப்பும் ஈரமும் கலந்து கனெக்டர் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆடியிலும் ஐப்பசியிலுமாக இரண்டு பருவமழை வாங்குகிற மாவட்டத்தில் இது புதினமல்ல. கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் குணமான வண்டிகளின் கணக்கை எடுத்தால் சென்சார் வியாபாரிகள் வருத்தப்படுவார்கள். இரணியல் போன்ற நெசவு ஊர்க்காரருக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: துணியில் கோடு விழுந்தால் தறியை மாற்றுவதில்லை, எந்த இழை அறுந்தது என்றுதான் பார்ப்போம்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். ‘எல்லாம் இந்த இ-20 பெட்ரோலால் வந்த வினை’ என்பது இன்றைக்கு மிகவும் செல்வாக்குள்ள கட்சி. எத்தனால் கலந்தால் காற்று விகிதம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்குப் போனால் எஞ்சினின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்ற வேண்டிய பெட்ரோல் சுமார் நான்கைந்து சதவீதம். அது தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும் எல்லையோ பொதுவாக இருபது சதவீதத்துக்கும் மேல். ஆகவே இ-20 மட்டுமே விளக்கை ஏற்றிவிட்டது என்பதை ஏற்க எனக்குத் தயக்கம். ஏற்கனவே ஹோஸ் விரிசல் விட்டு எல்லையில் தள்ளாடுகிற வண்டியை அது ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். பழைய வண்டியின் ரப்பரை அது என்ன செய்யும் என்பது தனி வழக்கு, அதில் நான் எத்தனாலுக்கு வக்காலத்து வாங்கவில்லை.

‘அம்பாசிடர் காலத்தில் விளக்கா இருந்தது, வண்டி ஓடவில்லையா?’ என்பார்கள் மூத்தவர்கள். ஓடியது. சோக்கை இழுத்து, பானட்டைத் திறந்து, காயிலைத் தட்டி, நாலு பேர் தள்ளி ஓடியது. விளக்கு இல்லாததால் நோய் இல்லாமல் இருந்ததாக அர்த்தமில்லை; நோயோடு வாழப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். ‘வாரண்டி போய்விடும்’ என்பது அடுத்தது. குறியீட்டைப் படிப்பது காது கொடுத்துக் கேட்பது மாதிரி, வண்டியில் எதையும் மாற்றுவதில்லை. வயரை வெட்டி ஒட்டினால்தான் வம்பு. கருவியைச் செருகியபடியே வாரக்கணக்கில் விட்டால் பேட்டரியைக் குடித்துவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘அழிக்கிற பொத்தான்தான் இருக்கிறதே, அழுத்தினால் விளக்கு போய்விடுமே’ என்பவர்கள் டேப் ஒட்டுகிறவர்களின் படித்த தம்பிகள். அழித்தால் குறியீட்டோடு அந்தப் புகைப்படமும் போய்விடும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கோளாறு நிஜமாகத் தீர்ந்து, தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் பிழை காணாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அதற்கென்று பொத்தான் தேவையில்லை.

கடைசி மறுப்பு கனமானது: ‘நாமே எல்லாம் பார்த்துக்கொண்டால் மெக்கானிக் பிழைக்க வேண்டாமா?’ வேண்டும். அவர் ஏன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று யோசித்திருக்கிறோமா? தக்கலையிலும் திங்கள்சந்தையிலும் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர் ஒரு மணி நேரம் குனிந்து நின்று, ஹோஸ் ஹோஸாகத் தடவி, எலி கடித்த ஒரு வயரைக் கண்டுபிடித்து இரண்டு அங்குல டேப்பில் சுற்றிக் கொடுத்தால் நாம் என்ன சொல்வோம்? ‘டேப்பு சுத்துனதுக்கு ஐந்நூறு ரூவாயா?’ அதே மனிதர் யோசிக்கவே யோசிக்காமல் ஐயாயிரத்துக்கு ஒரு சென்சாரைப் பெட்டியோடு காட்டி மாற்றினால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்கு மட்டும்தான் கூலி என்று ஏற்பாடு செய்தவர்கள் நாம்தான். அதனால் அவர் தம் மூளையைச் சாமானுக்குள் ஒளித்து வைத்து விற்கிறார். குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதிய தாளோடு போய், ‘காயில் மாத்தி போட்டுப் பாத்தாச்சு, சிலிண்டர் மாறலை அண்ணே, மத்ததை நீங்க பாருங்க, பாக்கிறதுக்குக் காசு தாரேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். எதையும் சொல்லாமல் படுத்துக்கொள்கிற நோயாளியை விட, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்று விவரம் சொல்கிற நோயாளியை எந்த வைத்தியருக்குத்தான் பிடிக்காது?

பி 0420-க்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தக் குறியீடு கை வைப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல். அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசியிருக்கிறார்கள். விலை கேட்டால் வீட்டில் நகை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னது துள்ளும், பின்னது அமைதியாக இருக்க வேண்டும். அடுக்களைச் சண்டை முன்னறைக்குக் கேட்கக் கூடாது என்பது போல. இரண்டும் ஒரே தாளத்தில் துள்ளினால் நடுவில் கதவு இல்லை, கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டும். ஆனால் உப்புக்காற்றில் புகைக்குழாயின் இணைப்பு துருவேறி ஓட்டை விழுந்து, வெளிக்காற்று உள்ளே போனாலும் பின் சென்சார் அதே ஆட்டம் ஆடும். ஒரு கேஸ்கெட்டின் விலையில் முடிய வேண்டியது நகைக்கடை அடகில் முடியக் கூடாது.

எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தே பார்த்துவிடலாம் என்று நான் வீறாப்பு பேசவில்லை. விளக்கு விட்டு விட்டு மின்னினால் விசாரணைக்கெல்லாம் நேரமில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். சிவப்பில் எண்ணெய் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அங்கே தத்துவம் பேசக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அது விளக்கின் ஆஜர்ப் பட்டியல். அப்போதும் எரியவில்லை என்றால் யாரோ அதன் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.